ப்ராக்ரசிவ் ராக்கில் ‘முற்போக்கு’ எங்கே இருக்கிறது?

‘ப்ராக்ரசிவ் ராக்’ என்ற பெயரைக் கேட்டதும் பலரும் அதை மனசுக்குள் ‘முற்போக்கு ராக்’ என்று மாற்றிக்கொள்கிறார்கள், அப்புறம் அந்த மொழிபெயர்ப்பை அப்படியே நம்பியும் விடுகிறார்கள். நம்மிடம் முற்போக்கு என்ற சொல்லுக்கு ஒரு வாசனை உண்டு. கலை இரவு, பறை, சிவப்புக் கொடி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதனால் யெஸ், ஜெனிசிஸ் போன்ற அந்த வகை இங்கிலாந்து ராக் குழுக்கள் ஏதோ தொழிற்சங்க மாநாட்டில் வாசித்தவர்கள் என்பதுபோலப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் நேர் எதிர்: ‘அது வெறும் இசைச் சொல்லப்பா, அரசியலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

இந்த இரண்டாவது கூட்டம் சொல்வது இங்கிலாந்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். இத்தாலிக்குப் பொருந்தாது. அங்கே மிலான் நகரத்தில் 1972இல் தொடங்கிய ஒரு குழு இரண்டு அர்த்தத்திலும் முற்போக்காக இருந்தது. பெயர் ஆரேயா. ஆங்கிலத்தில் ஏரியா என்கிறோமே, அதே சொல்தான், இத்தாலியர்கள் உச்சரிக்கும் விதம் இது. இந்தக் குழுவைப் பற்றிப் பேசும்போதும் ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது. ‘இடதுசாரிப் பாட்டு பாடினவங்க’ என்று பாட்டு வரிகளை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆரேயாவின் அரசியலில் பலவீனமான பகுதியே அந்த வரிகள்தான். தாளத்தில், குரலில், மேடையை அவர்கள் வைத்துக்கொண்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதைத்தான் மெதுவாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தச் சொல்

மூன்று நிமிடத் துக்கடா பாடிக்கொண்டிருந்த பாடகருக்கு ஒரு நாள் ராகம் தானம் பல்லவி பாட ஆசை வந்தால் எப்படி இருக்கும்? அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து ராக் இசைக்காரர்களுக்கு வந்தது கிட்டத்தட்ட அந்த ஆசைதான். பாட்டு நீண்டது, ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது, மேற்கத்திய செவ்வியல் இசையும் ஜாஸும் உள்ளே வந்தன, தாளம் சிக்கலானது. ப்ராக்ரசிவ் ராக் என்பது இவ்வளவுதான்: ராக் இசையை அதன் வழக்கமான அளவையும் வடிவத்தையும் தாண்டி இழுத்துக்கொண்டு போவது. ‘முன்னேறுவது’ இசைதான், சமூகம் அல்ல.

இத்தாலியில் இந்த இசைக்கு இருந்த வரவேற்பு அலாதியானது. ஜெனிசிஸ் குழுவைச் சொந்த நாட்டுக்கு முன்பே இத்தாலியர்கள் கொண்டாடினார்கள். சீக்கிரமே உள்ளூர்க் குழுக்களும் முளைத்தன. அவற்றில் உலகப் புகழ் பெற்ற ஒன்றின் பெயர் ப்ரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி, அதாவது ‘பரிசு பெற்ற மார்க்கோனி பேக்கரி’. பெயர் வைப்பதில் அவர்களுக்கு ஒரு தனி ருசி.

மிலான் அப்போது எப்படி இருந்தது

1969 இலையுதிர் காலத்தில் வட இத்தாலியின் தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் கொதித்தன. அதை ‘சூடான இலையுதிர்காலம்’ என்றே அங்கே சொல்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று மிலானின் ஃபொன்தானா சதுக்கத்தில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் வலதுசாரிகளின் குண்டு, இடதுசாரி ஆயுதக் குழுக்களின் துப்பாக்கி, தெருச் சண்டை, ஆள்கடத்தல் என்றே போனது. ‘ஈய ஆண்டுகள்’ என்று அந்தக் காலத்துக்குப் பெயர், தோட்டாவில் இருக்கும் ஈயம்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழு உருவாகிறது. பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் 1945இல் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், சைப்ரஸ் வழியாக 1962இல் கட்டடக்கலை படிக்க மிலானுக்கு வந்தவர். டிரம்ஸில் ஜூலியோ காப்பியோட்சோ, கீபோர்டில் பத்ரீட்சியோ ஃபரிசெல்லி, கிட்டாரிலும், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரிலும் பாவ்லோ தோஃபானி. முதல் இசைத்தட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பாட்ரிக் ஜிவாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் அந்தப் ‘பேக்கரி’க்குப் போய்விட, ஆரெஸ் தவொலாட்சி வந்து சேர்ந்தார். குழுவின் முழுப்பெயர் ‘ஆரேயா – இன்டர்நேஷனல் பாப்புலர் குரூப்’. அந்த ‘பாப்புலர்’ என்ற சொல்லில் ‘பாப்’ என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். பாப் இசையும் மக்களும் ஒரே சொல்லுக்குள் என்று ஒரு விளையாட்டு.

ஸ்ட்ராட்டோஸ் அதற்கு முன்னால் ‘இ ரிபெல்லி’ என்ற பாப் குழுவில் இருந்தார், 1967இல் ஒரு பெரிய ஹிட் கொடுத்தார். குழுவின் பெயருக்கு ‘கலகக்காரர்கள்’ என்று அர்த்தம், பாட்டின் பெயருக்கு ‘மூடிய முஷ்டிகள்’ என்று அர்த்தம். கேட்டால் புரட்சிப் பாட்டு மாதிரி இருக்கிறதா? அது ஒரு காதல் சோகப் பாட்டு. பெயரைப் பார்த்து அரசியலை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இதுவரை வந்தது: ப்ராக்ரசிவ் என்பது இசையின் வடிவத்தைப் பற்றிய சொல். அரசியல் தனியாக, அந்த ஊரின் தெருவிலிருந்து வந்தது. இரண்டும் எங்கே ஒட்டிக்கொண்டன என்பதுதான் இனி.

ஏழு வரை எண்ணுங்கள்

1973இல் வந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டு, ‘ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் (கறுப்பு)’. தட்டைச் சுழலவிட்டதும் கிட்டார் வரவில்லை, டிரம்ஸ் வரவில்லை. ஒரு பெண் அரபியில் பேசுகிறார், பின்னணியே இல்லாமல், அமைதியைப் பற்றி. பிறகு ஸ்ட்ராட்டோஸின் கனத்த குரல் மெதுவாக ஏறுகிறது. அதன்பின் திடீரென்று ஒரு கிரேக்க, பால்கன் கல்யாண ஊர்வலம் மின்சாரம் பாய்ந்து ஓடுவதுபோல ஒரு மெட்டு பாய்கிறது. முதல் தடவை கேட்டபோது தொடையில் தட்டிக்கொண்டே வந்த என் கை அங்கே தடுக்கி விழுந்தது.

காரணம் எளிது. ராக் இசை பெரும்பாலும் நாலு நாலாக நடக்கும், நம் சினிமாப் பாட்டும் பெரும்பாலும் நாலிலோ மூன்றிலோதான். இந்த மெட்டு ஏழில் போகிறது. நமக்கு மிஸ்ர சாபு தெரியுமே, ‘தகிட தகதிமி’, அதே ஏழு எண்ணிக்கை. எட்டாவது அடிக்குக் கை காத்திருக்கும், அது வராது, அடுத்த சுற்று தொடங்கிவிடும். இப்படிச் சமமாகப் பிரியாத அளவை ஒற்றைத் தாளம் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்துக் குழுக்களும் ஒற்றைத் தாளம் வாசித்தன. ஆனால் அங்கே அது பெரும்பாலும் திறமைக் கணக்கு, ‘பார், எவ்வளவு கஷ்டமானதை வாசிக்கிறோம்’ என்ற தோரணை. கிரேக்கத்திலும் பால்கன் நாடுகளிலும் ஏழு என்பது கிராமத்தார் கைகோத்து ஆடும் தாளம், கல்யாணத்தில் பாட்டிகூட எண்ணாமல் ஆடிவிடுவார். ஆரேயா அந்தத் தாளத்தைத்தான் எடுத்தது. லண்டனையும் நியூயார்க்கையும் நகலெடுப்பதை விட்டுவிட்டு, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையைப் பார்த்துத் திரும்பியது. அடுத்த ஆண்டே வந்த ‘காஷன் ரேடியேஷன் ஏரியா’வில் ஒரு பாட்டை ஸ்ட்ராட்டோஸ் கிரேக்கத்திலேயே பாடினார். அரசியல் என்று நான் சொல்வது இதைத்தான். யாருடைய தாளம் ‘நவீன’ இசையின் தாளம் என்று ஒத்துக்கொள்கிறோம் என்பதே ஒரு அரசியல் கேள்வி இல்லையா?

பாட்டின் தலைப்பில் இருக்கும் ‘கறுப்பு செப்டம்பர்’ 1970இல் ஜோர்டான் ராணுவம் பாலஸ்தீனப் போராளிகளை நசுக்கிய மாதம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களைத் தாக்கிய குழு அந்த மாதத்தின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. மறு வருடமே இப்படி ஒரு தலைப்பு என்றால் அது தெரிந்தே கல்லெறிவது.

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ எழுதிய வரிகள்

அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தவர் ஜியான்னி சாஸ்ஸி. விளம்பர, வடிவமைப்புத் துறை ஆள், கிராம்ப்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், ஆரேயாவின் தயாரிப்பாளர், ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ என்ற புனைபெயரில் அவர்களுடைய பாட்டு வரிகளை எழுதியவரும் அவரேதான். முதல் இசைத்தட்டுக்கு வைத்த தலைப்பு ‘அர்பைட் மாஹ்ட் ஃப்ரை’, ‘உழைப்பு விடுதலை தரும்’ என்று நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாசலில் மாட்டிவைத்த வாசகம். உறைக்குள் ஒரு அட்டைத் துப்பாக்கியையும் வைத்து விற்றார்கள்.

தொழிற்சாலை வேலையே மனிதனைப் பூட்டி வைக்கிறது என்பது அன்றைய இத்தாலிய இடதுசாரி இளைஞர்களின் வாதம், தலைப்பு அதைத்தான் குத்திக்காட்டுகிறது. ஆனாலும் வதைமுகாம் வாசகத்தை எடுத்து இப்படிக் கையாள்வது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அட்டைத் துப்பாக்கியும் அப்படித்தான், சில வருடத்திலேயே அந்த ஊரில் நிஜத் துப்பாக்கிகள் எத்தனை பேரைச் சுட்டன என்பது தெரிந்த பிறகு அதை ரசிக்க முடிவதில்லை. சாஸ்ஸி அடிப்படையில் விளம்பரக்காரர், அதிர்ச்சி கொடுப்பதில் கெட்டிக்காரர். வரிகள் பல இடத்தில் துண்டுப் பிரசுரமும் விடுகதையும் கலந்த மாதிரி இருக்கும். 1975இல் வந்த ‘கிராக்!’ இசைத்தட்டில் கொஞ்சம் இளகினார்கள், ‘மகிழ்ச்சியும் புரட்சியும்’ என்று ஒரு துள்ளலான பாட்டு அதில் உண்டு, ஆரேயாவில் முணுமுணுக்க முடிகிற சில பாட்டுகளில் ஒன்று.

சாஸ்ஸி செய்த பெரிய உபகாரம் வேறு. கிராம்ப்ஸ் அதே சமயத்தில் ஜான் கேஜ் போன்ற பரிசோதனை இசைக்காரர்களின் தட்டுகளையும் வெளியிட்டது, ஸ்ட்ராட்டோஸ் கேஜின் குரல் படைப்பு ஒன்றைப் பாடிப் பதிவு செய்தார். பாப் பாடகராக இருந்தவர் அங்கிருந்துதான் வேறு எங்கோ போனார்.

குரலுக்கு வார்த்தை எதற்கு?

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

ஸ்ட்ராட்டோஸுக்கு ஒரு மகள் பிறந்தாள். குழந்தை மழலையில் எதையெதையோ ஒலித்துப் பார்ப்பதையும், பேசக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த ஒலிகளில் பலவற்றைக் கைவிட்டுவிடுவதையும் அவர் கவனித்தார். நம் வீட்டுக் குழந்தைகளிடமும் இதைப் பார்க்கலாம். ஆறேழு மாதத்தில் தொண்டைக்குள் குமிழிவிடும், கீச்சிடும், உதட்டைப் பிர்ர் என்று அதிரவைக்கும், அப்புறம் ‘அம்மா’ வந்ததும் பாதி சத்தம் காணாமல் போய்விடும். ஸ்ட்ராட்டோஸ் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். மொழி நமக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டுக் குரலைப் பறித்துக்கொள்கிறது. பாடகனும் அழகான குரல், சரியான உச்சரிப்பு என்ற சட்டத்துக்குள் அடைந்து கிடக்கிறான். அந்தக் குரலை அவிழ்த்துவிடுவதுதான் அவருக்குப் புரட்சி.

அதை எப்படிச் செய்தார்? ஒரு தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் மீட்டாத காந்தாரம் அதிலிருந்து மெல்லக் கேட்கும், சங்கீதக்காரர்கள் அதைச் சுயம்பு என்பார்கள். எந்தக் கம்பி அதிர்ந்தாலும் அடிப்படைச் சுரத்தோடு அதற்கு மேலே பல மெல்லிய சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. இவற்றுக்கு மேற்சுரங்கள் என்று பெயர். நம் குரலும் அப்படித்தான். தொண்டையில் இருக்கும் குரல்நாண்கள் அதிரும்போது மேற்சுரங்களும் கூடவே வருகின்றன, நாம் தனியாகக் கவனிப்பதில்லை. நாக்கையும் உதட்டையும் வாயின் உள்வெளியையும் மிக நுட்பமாக மாற்றினால் அந்த மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் பெரிதாக்க முடியும். அப்போது ஒரே ஆள் இரண்டு சுரம் பாடுவதுபோல் கேட்கும். மங்கோலியப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான், ஸ்ட்ராட்டோஸ் அதைத் தேடிப் படித்துப் பழகினார்.

அதோடு நிற்கவில்லை. பாதுவா நகரத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ராங்கோ ஃபெரெரோ அவர் குரலைக் கருவிகளில் அளந்து பார்த்தார். சில ஒலிகளின்போது குரல்நாண்கள் அதிர்வதாகவே தெரியவில்லை. ஆனாலும் வாயிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு சீழ்க்கைகள் வந்தன, ஒன்று 6000 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்க, இன்னொன்று 3000இலிருந்து மேலே ஏறியது. ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. பியானோவின் வலதுகோடிக் கட்டையே ஏறக்குறைய 4186 ஹெர்ட்ஸ்தான்.

சுருக்கமாக: ஆரேயாவின் பாட்டில் திடீரென்று யோடல் (குரலைத் தாழ்விலிருந்து உச்சிக்குத் துள்ளவிடும் பாட்டு முறை) மாதிரி, சீழ்க்கை மாதிரி, குழந்தை அலறல் மாதிரி வரும் இடங்கள் வித்தை காட்டும் இடங்கள் அல்ல. பாட்டின் வாதமே அங்கேதான் நடக்கிறது. இத்தாலி மொழி தெரியாத நமக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

மேடையிலிருந்து இறங்கிய வயர்கள்

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை பிளக் பாயிண்டில் வைத்து அதன் பிடியின் தலையில் விரலை வைத்தால் சின்ன விளக்கு எரிகிறதே, நம் உடம்பு வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம் போவதால்தான் அது எரிகிறது. அந்தக் காலத்துச் சிந்தசைசரும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஒலியை மாற்றும். இந்த இரண்டையும் சேருங்கள். 1976இல் மிலானின் லாம்ப்ரோ பூங்காவில், ‘ரே நூதோ’ என்ற பத்திரிகை நடத்திய இளைஞர் விழாவில், ஆரேயா சிந்தசைசரிலிருந்து வயர்களை இழுத்துக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டது. ஒருவர் வயரைத் தொட, அவர் கையை இன்னொருவர் பிடிக்க, சத்தம் மாறிக்கொண்டே போனது. கேட்க வந்தவர்கள் வாத்தியத்தின் பாகமாகிவிட்டார்கள். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.)

அந்த விழா வேறு விதத்தில் சோகமாக முடிந்தது. சாப்பாட்டு விலை அதிகம் என்று கோழி ஏற்றிவந்த லாரியைச் சூறையாடினார்கள், போலீஸ் வந்தது, கண்ணீர்ப்புகை. அதற்குப் பிறகு அங்கே அந்த விழா நடக்கவே இல்லை. அப்போது இத்தாலியில் ‘ஆட்டோரிதுத்சியோனே’ என்று ஒரு போராட்ட முறை இருந்தது. விலையை நாமே குறைத்துக்கொள்வது. பஸ் கட்டணத்திலும் மின்கட்டணத்திலும் தொடங்கியது, கச்சேரி டிக்கெட்டுக்கும் வந்துவிட்டது. ‘இசை மக்களுடையது’ என்று மேடையில் சொன்ன குழுக்களிடம் ‘அப்போ டிக்கெட் எதுக்கு?’ என்று வாசலில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

அதே 1976இல் வந்த ‘மாலெதெத்தி’, அதாவது ‘சபிக்கப்பட்டவர்கள்’, ஆரேயாவின் தட்டுகளிலேயே துணிச்சலானது. ஜெர்மன் செவ்வியல் இசை மேதை பாக்கின் புகழ்பெற்ற பிராண்டன்பர்க் கன்செர்ட்டோ ஒன்றைச் சின்னாபின்னமாக்கி ‘பிராண்டன்பர்க் படுகொலை’ என்று பேர் வைத்தார்கள். அந்த ஆண்டு மிலான் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மெட்டு இல்லை, எழுதிவைத்த ஸ்வரம் இல்லை. சீட்டுகளில் ‘மௌனம்’, ‘வன்முறை’, ‘கிண்டல்’ என்பதுபோல் ஒவ்வொரு சொல், அந்தச் சொல்லை வைத்துக் கொஞ்ச நேரம் வாசிக்க வேண்டும், பிறகு சீட்டு மாறும். குழுவில் தலைவர் யார், பக்கவாத்தியம் யார் என்ற ஏற்பாடே அங்கே கலைந்துவிடுகிறது. கேட்பதற்குச் சுகமாக இருக்கிறதா என்றால், இல்லை. நானே முழுசாக இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

கோபக்காரர்கள் மிச்சம்

1978இல் அவர்கள் கிராம்ப்ஸை விட்டு வெளியே வந்து, சாஸ்ஸி இல்லாமல், தோஃபானியும் இல்லாமல் ஒரு தட்டு போட்டார்கள். தலைப்பு: ‘கடவுள்கள் போகிறார்கள், கோபக்காரர்கள் இருக்கிறார்கள்!’ ஜாஸ் கூடியது, கோஷம் குறைந்தது. அந்த வருடம் மே மாதத்தில்தான் ‘சிவப்புப் படையினர்’ என்ற இடதுசாரி ஆயுதக் குழுவினர் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்திவைத்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு புரட்சியைப் பற்றித் துள்ளிக்கொண்டு பாடுவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

1979 தொடக்கத்தில் ஸ்ட்ராட்டோஸ் குரல் ஆய்வுக்காகக் குழுவிலிருந்து விலகினார். சில மாதத்தில் கடுமையான ரத்தசோகை நோய், எலும்பு மஜ்ஜையே ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும் வகை. சிகிச்சைக்கு நியூயார்க் கொண்டுபோனார்கள். செலவுக்குப் பணம் திரட்ட மிலானின் அரேனா மைதானத்தில் ஜூன் 14 அன்று கச்சேரி ஏற்பாடானது. ஜூன் 13 அன்று அவர் இறந்துவிட்டார், வயது 34. கச்சேரியை ரத்து செய்யவில்லை. சுமார் 60,000 பேர் வந்தார்கள், டிக்கெட் எதற்கு என்று கேட்டுப் பழகிய அதே தலைமுறை.

மிச்சம் இருந்த மூவரும் 1980இல் ‘டிக் அண்ட் டாக்’ என்று ஒரு தட்டு வெளியிட்டார்கள், பெரும்பாலும் பாட்டே இல்லாத ஜாஸ் ராக். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஸ்ட்ராட்டோஸ் நின்ற இடத்தில் இன்னொரு பாடகரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தோஃபானி பிற்பாடு கிருஷ்ண பக்தராகித் துறவு பூண்டு, திரிகண்ட வீணை என்று சொந்தமாக ஒரு வாத்தியத்தை வடிவமைத்தார். 2010 வாக்கில் பழைய நண்பர்கள் ஃபரிசெல்லியும் தவொலாட்சியும் மறுபடி சேர்ந்தபோது அவரும் வந்து வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘கிராக்!’கில் தொடங்கினால் போதும், அதில் இருக்கும் ‘வெள்ளை யானை’ முதலில். பிடித்திருந்தால் அப்புறம் அந்த அரபுக் குரலுக்கு வாருங்கள், ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் செய்யாமல்.